பெயருக்கு ஒரு சீல்: ஜப்பானிய முத்திரையும் அங்கு வாழும் வெளிநாட்டவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பத் தயாராகும் பெற்றோர் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

ஜப்பானில் நூறு யென் கடைகளில் ஒரு சின்னத் தட்டு வைத்திருப்பார்கள். சுட்டுவிரல் அளவான பிளாஸ்டிக் குச்சிகள் அதில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குடும்பப் பெயர் செதுக்கியிருக்கும். சாத்தோ, சுசுகி, தனகா, யமமோட்டோ என்று எல்லாம் அவர்களுடைய எழுத்து வரிசைப்படி. தன் பெயரைத் தேடி எடுத்து, காசைக் கொடுத்து, அன்றைக்கே பாவிக்கத் தொடங்கலாம். அந்தத் தட்டில் கரீம் இல்லை. பெரேரா இல்லை. சிவகுமார் இல்லை.

நம் நாட்டில் சீல் என்றால் அது பதவிக்கு உரியது. கிராம சேவகருக்கு ஒன்று, பாடசாலை அதிபருக்கு ஒன்று, சமாதான நீதவானுக்கு ஒன்று. பதவி போனால் சீலும் போய்விடும். தனி மனிதனிடம் இருப்பது கையொப்பம் மட்டும்தான். ஜப்பானில் தனி மனிதனுக்கும் சீல் உண்டு. அதை 'ஹன்கோ' என்றும் 'இன்கன்' என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஒருவரிடம் பொதுவாக மூன்று வகை இருக்கும். பார்சல் வாங்கவும் அலுவலகத் தாள்களில் 'பார்த்தேன்' என்று காட்டவும் ஒரு சாதாரண சீல், அது 'மிதோமெயின்'. வங்கியில் பதிந்து வைத்தது இன்னொன்று, 'கின்கோயின்'. மூன்றாவதுதான் பெரியது. நகரசபையிலோ மாநகரசபையிலோ பதிவு செய்யப்பட்ட 'ஜிட்சுயின்', அதாவது உண்மைச் சீல். காணி வாங்க, வீட்டுக் கடன் எடுக்க, வாகனம் கைமாற்ற அது வேண்டும். அதோடு 'இந்தப் பதிவு இன்னாருடையதுதான்' என்று நகரசபை கொடுக்கும் சான்றிதழும் வேண்டும்.

அப்படியானால் இந்தப் பெயர்த் தட்டில் இல்லாத மனிதர்கள் அந்த நாட்டில் எப்படி வாழ்ந்தார்கள்? இதுதான் இன்றைய பதிவின் கேள்வி. சீலின் வரலாற்றைப் பார்த்தால், யாருடைய பெயரை ஒரு அரசு எந்தக் காலத்தில் நம்பியது என்ற வரலாறும் கூடவே வருகிறது.

முதலில் ஒரு விஷயம். சீல் ஜப்பானின் சொந்தச் சரக்கே இல்லை. அந்த மண்ணில் கிடைத்த மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற முத்திரை சீனப் பேரரசர் கொடுத்தது. கி.பி. 57 இல் ஹான் பேரரசர் குவாங்வூ, 'நா' என்ற சிறு நாட்டின் தூதுவருக்கு ஒரு முத்திரை வழங்கியதாகச் சீன வரலாற்று நூல் சொல்கிறது. 1784 இல் ஃபுக்குவோக்கா அருகே ஷிக்கானோஷிமா தீவில் வயல் வேலை நடந்தபோது ஒரு தங்க முத்திரை வெளியே வந்தது. ஒரு பக்கம் 2.3 சென்ரிமீற்றர்தான். எடை 108 கிராம். பாம்பு வடிவப் பிடி. 'ஹானுக்கு உட்பட்ட நா நாட்டு அரசன்' என்ற பொருளில் எழுத்து. இன்று அது ஃபுக்குவோக்கா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதாவது அந்த முத்திரை ஒரு வெளிநாட்டுப் பேரரசு, 'உன்னை நாம் அங்கீகரிக்கிறோம்' என்று சொல்லிக் கொடுத்த அடையாளம்.

பிறகு 701 ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுப்போடு முத்திரை அரச நிர்வாகத்துக்குள் வந்தது. அப்போது அது அரசனுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும். சாதாரண மக்களுக்கு இல்லை. இடைக்காலத்தில் பிரபுக்கள் சீலை விட்டு, கையால் வரையும் அலங்கார ஒப்பத்துக்கு மாறினார்கள். ஆக, ஜப்பானியர்களும் நூற்றாண்டுக் கணக்காகக் கையால் ஒப்பமிட்டவர்களே. 'ஜப்பானியர் என்றைக்கும் சீல்தான்' என்ற பேச்சு வரலாற்றின் முன் நிற்காது.

16 ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சீல் திரும்பி வந்தது. ஓடா நொபுனாகா தன் படைபலக் கொள்கையையே நான்கு எழுத்தில் முத்திரையாகச் செதுக்கிக் கடிதங்களில் அடித்தார். இதே காலத்தில் நடந்த ஒன்று நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய சில பிரபுக்கள் இலத்தீன் எழுத்தில் சீல் செய்துகொண்டார்கள். கியூஷுவின் பெரிய பிரபு ஒட்டோமோ சோரின், பிரான்சிஸ்கோ என்ற தன் ஞானஸ்நானப் பெயரின் சுருக்கத்தை இலத்தீன் எழுத்தில் செதுக்கினார். குரோதா யோஷிதகா 'சிமியோன் ஜோசுய்' என்று செதுக்கினார். வெளிநாட்டுப் பெயரும் வெளிநாட்டு எழுத்தும் ஜப்பானிய அதிகாரத்தின் கடிதங்களில் சிவப்பாகவும் கறுப்பாகவும் பதிந்தன. யாரும் அதைச் செல்லாத சீல் என்று சொல்லவில்லை.

அடுத்து தொகுகாவா இயேயசுவின் காலம். வெளிநாட்டு வணிகத்துக்குப் போகும் கப்பல்களுக்கு அவர் சிவப்பு முத்திரை இட்ட அனுமதிப் பத்திரம் கொடுத்தார். அந்தக் கப்பல்களுக்கே 'சிவப்பு முத்திரைக் கப்பல்' என்று பெயர் வந்தது. பத்திரம் பெற்றவர்களில் ஜப்பானியர் மட்டுமல்ல, அங்கு குடியிருந்த வெளிநாட்டவரும் இருந்தார்கள். 1600 இல் ஒல்லாந்துக் கப்பலில் வந்து கரைசேர்ந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் அடம்ஸ் அவர்களில் ஒருவர். 1620 இல் அங்கேயே இறந்தார். வெளிநாட்டவரின் பாதுகாப்பு அன்று அவர் பெயரில் இருந்த சீலில் இல்லை, ஆட்சியாளரின் சீலில் இருந்தது. 1630களில் கதவுகள் மூடப்பட்டபோது அந்தச் சிவப்புப் பத்திரங்களும் முடிந்தன.

கதவு மூடியிருந்த எடோ காலத்தில்தான் சீல் சாதாரண விவசாயியின் வீட்டுக்குள் நுழைந்தது. காணி, கடன், வரி, கிராம ஒப்பந்தம் எல்லாவற்றிலும் சீல் அடிக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு வீட்டுத் தலைவனின் சீல் பதிவையும் கிராமத் தலைவர் ஒரு புத்தகத்தில் வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 'இன்கன்' என்ற சொல்லே முதலில் இப்படி ஒப்பிடுவதற்காக வைத்த பதிவைத்தான் குறித்தது. இன்றைய நகரசபைப் பதிவின் பாட்டன் அந்தக் கிராமப் புத்தகம்தான். சீலுக்குப் பின்னால் ஒரு புத்தகம், புத்தகத்துக்குப் பின்னால் உன்னைத் தெரிந்த ஒரு ஊர். மரக்கட்டைக்கு மதிப்பு வந்தது அப்படித்தான்.

மெய்ஜி அரசு வந்த பிறகு சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்க 1870 இல் அனுமதி கிடைத்தது. 1875 இல் அது கட்டாயமானது. 1873 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் ஒப்பந்தப் பத்திரங்களில் பதிவுசெய்த சீல் வேண்டும் என்று ஆணை வந்தது. அதனால்தான் இன்றும் ஒக்டோபர் 1 அங்கே 'முத்திரை நாள்'. ஐரோப்பாவைப் பார்த்துக் கையொப்பமே போதும் என்று சொன்னவர்களும் அரசுக்குள் இருந்தார்கள். எழுதத் தெரியாத மக்கள் நிறையப் பேர், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தாள்களில் கையெழுத்திட வங்கிகளால் முடியாது என்று மறு தரப்பு வாதிட்டது. கடைசியில் 1900 ஆம் ஆண்டுச் சட்டம், வணிகப் பத்திரங்களில் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெயரை எழுதிச் சீல் அடித்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஒரு வருடம் முந்தி நடந்ததுதான் நம் கதையின் நடு இடம்.

1899 வரை ஜப்பானில் இருந்த மேற்கத்தேயர் யோகொஹாமா, கோபே, நாகசாகி போன்ற துறைமுகங்களில் தங்களுக்கென ஒதுக்கிய குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் மீது ஜப்பானிய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. தங்கள் நாட்டுத் தூதரக நீதிமன்றங்களே அவர்களை விசாரித்தன. 1899 ஜூலையில் இந்தச் சமமற்ற ஒப்பந்தங்கள் முடிவுக்கு வந்தன. வெளிநாட்டவர் நாடு முழுவதும் குடியிருக்கலாம், ஆனால் ஜப்பானிய சட்டத்துக்குக் கீழே. உடனே ஒரு நடைமுறைச் சிக்கல். ஒப்பமும் சீலும் வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் நிறைய, வந்தவர்களிடமோ சீல் இல்லை. அதே ஆண்டு ஒரு சிறிய சட்டம் வந்தது. ஒப்பமிட்டுச் சீல் அடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், வெளிநாட்டவர் ஒப்பமிட்டாலே போதும் என்பது அதன் முதல் விதி.

இதை ஒரு தடவைக்கு இரு தடவை வாசியுங்கள். வெளிநாட்டவரின் கையொப்பத்தைச் சட்டம் 1899 லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, வங்கியிலும் வாடகை வீட்டு முகவரிடமும் வேலைத்தளத்திலும் வெளிநாட்டவர் கேட்ட முதல் கேள்வி 'உங்கள் ஹன்கோ எங்கே?' என்பதுதான். படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் அச்சிட்டிருக்கும். அந்த வட்டம் வெறுமையாக இருந்தால் எழுதுவினைஞருக்குக் கை ஓடாது. சட்டம் திறந்து வைத்த கதவை வழக்கம் சாத்தி வைத்தது. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதில்லை. சுற்றறிக்கையில் உள்ளது ஒன்று, அலுவலக மேசையில் நடப்பது இன்னொன்று.

ஆகவே அங்கு வாழ வந்தவர்கள் சீல் செய்துகொண்டார்கள். கடைக்காரரிடம் சொன்னால் எந்தப் பெயரையும் செதுக்கிக் கொடுப்பார். யமனாஷி மாகாணத்தில் ரொகுகோ என்ற பகுதி முழுக்க இந்தத் தொழிலுக்கே பெயர் போனது. நூறு யென் தட்டில் பெயர் இல்லாதவர் கூடுதலாகக் காசு கொடுத்து, சில நாள் காத்திருந்து தன் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

எல்லா வெளிநாட்டவருக்கும் கதை இவ்வளவு லேசாக இருக்கவில்லை. ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்த கொரியாவில் 1940 இல், ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் வைக்கும்படி மக்களை நெருக்கினார்கள். பெரும்பாலான குடும்பங்கள் பணிய வேண்டி வந்தது. போர் முடிந்தபோது சுமார் 6 இலட்சம் கொரியர்கள் ஜப்பானிலேயே தங்கினார்கள். 1952 இல் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அதே நாளில் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை போயிற்று. ஒரே இரவில் அவர்கள் வெளிநாட்டவர். வேலையும் வாடகை வீடும் கிடைப்பதற்காகப் பலர் ஜப்பானியப் பெயரையே புழக்கப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்தப் புழக்கப் பெயரைப் பதிவு செய்யலாம், அதிலேயே உண்மைச் சீலும் வைத்துக்கொள்ளலாம். அதாவது நகரசபையின் சான்றிதழோடு வரும் 'உண்மைச் சீல்', வீட்டுக்குள் தாய் கூப்பிடும் பெயரில் இல்லை.

இன்னொரு பக்கம், 1955 முதல் வெளிநாட்டவர் பதிவுக்குக் கைவிரல் அடையாளம் கட்டாயமாயிற்று. ஜப்பானியரின் பெயருக்குச் சாட்சி சீல். அதே தெருவில் பிறந்து, அதே பாடசாலையில் படித்த கொரியப் பிள்ளைக்குச் சாட்சி மையில் தோய்த்த விரல். 1980 இல் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஒரு கொரியர் விரல் வைக்க மறுத்தார். அந்த எதிர்ப்பு நாடெங்கும் பரவி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வழக்கு வந்தது, கைது வந்தது. 1993 இல் நிரந்தர வதிவாளருக்கும் 2000 இல் எல்லோருக்கும் அந்த முறை நீக்கப்பட்டது. ஆனால் 2007 முதல் விமான நிலையத்தில் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவரின் கைவிரலை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. போராடிய அந்தப் பழைய கொரியக் குடும்பங்களுக்கு அதில் விலக்கு உண்டு.

2012 ஜூலை 9 ஒரு முக்கியமான திகதி. அன்று தனியான வெளிநாட்டவர் பதிவு முறை ஒழிந்தது. நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவரும் ஜப்பானியரைப் போலவே நகரசபையின் குடியிருப்போர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். 15 வயது நிரம்பிய, அந்தப் பதிவேட்டில் உள்ள எவரும் உண்மைச் சீலைப் பதியலாம். சீல் 8 மில்லிமீற்றர் சதுரத்தை விடப் பெரிதாகவும் 25 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். உருமாறும் றப்பரில் செய்தது செல்லாது. செதுக்கிய பெயர் பதிவேட்டில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்களின் பெயர் மாட்டிக்கொள்கிறது. ஜப்பானியப் படிவத்தில் இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. முஸ்லிம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் முழுப் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். தமிழ்ப் பிள்ளைக்கும் தகப்பன் பெயர்தான் முன்னால். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தால், அங்கே மகனை எல்லோரும் தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சீலிலும் தகப்பன்தான் இருப்பார். 'மொஹமட்' முன்னால் வந்தால், ஒரே வேலைத்தளத்தில் நான்கு பேருமே மொஹமட்-சான்.

எழுத்து இன்னொரு சிக்கல். வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பாவிக்கும் 'கதகனா' எழுத்தில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். 'ன்' தவிர வேறு மெய்யெழுத்தில் சொல் முடியாது. கரீம் அங்கே கரீமு. கலீமும் கரீமு. நமக்கு ஒருவர் கொடையாளி, மற்றவர் பேச்சாளர். அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருவரும் ஒருவரே. கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்திலேயே சீல் பதியவும் இடம் உண்டு, ஆனால் நம் பெயர்களின் நீளத்துக்கு அந்த வட்டம் போதாது. முழுப் பெயர் இல்லாமல் ஒரு பகுதியை மட்டும் செதுக்கலாம் என்ற விதி இருப்பதால் பலர் தப்பிக்கிறார்கள். கதகனாவில் பதிவதென்றால் அந்த எழுத்திலுள்ள பெயரை முதலில் பதிவேட்டில் குறிப்பாகச் சேர்க்க வேண்டும்.

இது நமக்கு எட்டாத் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் வீதியில் ஓடும் ரீகண்டிஷன் வாகனங்களைப் பாருங்கள். ஒரு அக்ஸியோவோ பிரியஸோ ஜப்பானில் கைமாறும்போது உரிமையாளரின் உண்மைச் சீலும், மூன்று மாதத்துக்குள் எடுத்த சான்றிதழும் கேட்பார்கள். 660 சிசி சின்னக் கார்களுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அங்கே பழைய வாகன வியாபாரத்தில் இலங்கையரும் பாகிஸ்தானியரும் நிறையப் பேர். அவர்களுடைய பெயர்ச் சீல்கள் அடிபட்ட பத்திரங்களைத் தாண்டித்தான் பல வாகனங்கள் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து இறங்குகின்றன.

சீலின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய சிவில் வழக்குச் சட்டப்படி, ஒருவரின் ஒப்பமோ சீலோ உள்ள பத்திரம் அவருடையது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். பதிந்திருப்பது உன் சீல் என்றால், அதை உன் விருப்பத்தோடுதான் அடித்திருக்கிறாய் என்று ஊகிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1964 இல் தீர்ப்பளித்தது. இல்லை என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். கையொப்பத்தை உன் கையிலிருந்து பிரிக்க முடியாது. சீலைப் பிரிக்கலாம். 1993 இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தில், சில முதலாளிகள் வெளிநாட்டுத் தொழிலாளரின் கடவுச்சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் சீலையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டது ஜப்பானுக்குள்ளேயே கண்டனத்துக்கு உள்ளானது. கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2017 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பிறகு கொரோனா வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன காலத்தில், ஒரு தாளில் சீல் அடிப்பதற்காக மட்டும் மக்கள் ரயிலேறி அலுவலகம் போனார்கள். அந்தக் காலத்துத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் நவோகசு தகெமோட்டோ, முத்திரைத் தொழிலைக் காக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவுக்கும் தலைவராக இருந்தவர் என்பது ஒரு வேடிக்கை. 2020 செப்டெம்பரில் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சரான தாரோ கோனோ, சீல் கேட்கும் அரச நடைமுறைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார். கிட்டத்தட்ட 15,000 வந்தது. அவற்றில் 83 ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் சீலை நீக்குவதாக நவம்பரில் அறிவித்தார். 2021 செப்டெம்பரிலிருந்து திருமணப் பதிவுக்குக்கூடச் சீல் கட்டாயமில்லை. வங்கிகள் பலவும் சீல் இல்லாத கணக்குகளைத் தருகின்றன. ஆனால் பதிவுசெய்த உண்மைச் சீல் அந்த 83 க்குள் தப்பிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டவர் பல தலைமுறையாக 'கையெழுத்துப் போட்டால் போதாதா?' என்று மேசைக்கு மேசை கேட்டு வந்தார்கள். 1899 சட்டமும் போதும் என்றுதான் சொன்னது. ஆனால் ஜப்பானியருக்கே அது தொல்லையாகத் தெரிந்த பிறகுதான் வழக்கம் அசைந்தது. சட்டம் ஒரு நாளில் எழுதப்படலாம். அடுத்த மனிதனின் பெயரை நம்புவதற்குப் பழகத்தான் ஒரு சமூகத்துக்கு நாள் எடுக்கிறது. இது ஜப்பானுக்கு மட்டும் உரிய பாடம் என்று நாம் நினைக்கவில்லை.

கடைசியாக, போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது:

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள். கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயராகப் போகிறது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், படிவம் நிரப்பும் ஏஜென்சிக்காரரிடம் விடாதீர்கள். கதகனாவில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று மொழி வகுப்பிலேயே கேட்டு, கடைசி வரை அதையே பாவியுங்கள். வங்கிச் சீலையும் உண்மைச் சீலையும் வேறு வேறாக வையுங்கள். 'சீலைத் தந்துவிட்டுப் போ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்' என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்லவரானாலும், கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் உங்கள் பெயரையே கொடுத்தது மாதிரி.

ஜப்பானில் இருக்கும் நம் உறவுகள் யாராவது இதை வாசித்தால், உங்கள் சீலில் எந்தப் பெயர் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். உங்களுடையதா, வாப்பாவுடையதா?